அரைக்கை கவுன் எடுப்பது எப்படி: கொழும்பு வெயிலுக்கும் கோவிலுக்கும் கந்தோருக்கும்

புடைவைக்கடைக்குள் போனதும் கண் முதலில் போவது நிறத்துக்கு. அடுத்தது பூ டிசைன், அதற்கடுத்தது விலைச் சீட்டு. கை எப்படி வெட்டியிருக்கிறது, துணி என்ன ரகம் என்பதெல்லாம் பிறகு ஒருநாள் 101ஆம் இலக்க பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு காலி வீதியில் போகும்போதுதான் தெரியவரும். அப்போது கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கும், கக்கத்தில் ஈரம் வட்டமாகப் படர்ந்திருக்கும். இங்கே சொல்லப்போவது அந்த வரிசையை மாற்றிப்போடும் முறை. முதலில் போகிற இடம், அப்புறம் துணி, அப்புறம் கை. நிறம் கடைசியில் வரட்டும்.

அரைக்கை கவுனுக்கு இந்த ஊரில் ஒரு தனி இடம் உண்டு. பகல் வெப்பம் வருடம் முழுக்க 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. கடல் பக்கத்திலிருப்பதால் புழுக்கம் வேறு. முழுக்கை போட்டால் பதினொரு மணிக்கே முடியாமல் போகும். கையே இல்லாவிட்டால் கோவில் வாசலிலும் விகாரை வாசலிலும் பார்வை மாறும், சில பாடசாலை வாசல்களில் உள்ளே விடவும் மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் எல்லா இடத்துக்கும் செல்லுபடியாவது அரைக்கைதான். ஆனால் எந்த அரைக்கையும் எல்லா இடத்துக்கும் சரிவராது.

படி 1: அந்த நாளை முழுதாக யோசியுங்கள்

‘ஒபிஸுக்கு ஒரு கவுன்’ என்று மட்டும் தேடினால் பிழையாகப் போகும். கொழும்பில் ஒருத்தியின் வெள்ளிக்கிழமை இப்படித்தான் இருக்கும்: காலையில் கோட்டை ஒபிஸில் உறைய வைக்கும் ஏ.சி., மத்தியானம் வெயிலில் வங்கிக்கு ஒரு நடை, பின்னேரம் நேரே மயூராபதி அம்மன் கோவில், இரவு யாரோ ஒருவரின் ஃபிளாட்டில் பிறந்தநாள் கேக். இடையில் வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்ற நேரம் கிடைக்காது.

ஆகவே போகிற இடங்களில் எது ஆகக் கண்டிப்பானதோ அதற்கேற்ற வெட்டு, எது ஆகச் சூடானதோ அதற்கேற்ற துணி. ஆகக் குளிரான இடத்துக்குக் கைப்பையில் ஒரு மெல்லிய சோல் போதும். மேலே சொன்ன வெள்ளிக்கிழமைக்குக் கண்டிப்பான இடம் கோவில், சூடான இடம் வங்கிக்குப் போகும் வீதி. அப்படியென்றால் தோள் மூடிய, கெண்டைக்காலுக்குக் கீழே வரும் பருத்திக் கவுன். கேக் வெட்டுகிற இடத்தில் அதற்கு ஒரு காதணி கூட்டிக்கொண்டால் சரி.

படி 2: துணி

கவுனின் உள்பக்கத்தைத் திருப்பி, தையலோடு சேர்த்துத் தைத்திருக்கும் சிறிய சீட்டைப் பாருங்கள். கடைக்காரர் ‘கொட்டன்தான் மிஸ்’ என்று சொல்வது ஒன்று, சீட்டில் இருப்பது ஒன்று.

நம் வெயிலுக்குப் பருத்தி எப்போதும் கைகொடுக்கும். பருத்தியிலேயே பொப்ளின் கொஞ்சம் விறைப்பு, அதனால் ஒபிஸுக்கு வடிவாக நிற்கும். லோன் மெல்லியது, காற்றோட்டமானது, ஆனால் வெளிர் நிறத்தில் எடுத்தால் உள்ளே லைனிங் வேண்டும். லினன் வேர்வையைக் கெதியாக உறிஞ்சிக் கெதியாகக் காயும். ஒரு தடவை ஓட்டோவில் உட்கார்ந்து எழும்பினாலே மடியில் சுருக்கம் விழுந்துவிடும். சுருக்கத்தோடு திரிய மனம் ஒப்புகிறவர்களுக்கே லினன். நேர்முகத் தேர்வுக்கு அது வேண்டாம்.

ரேயோன், விஸ்கோஸ் என்று வருவது ஒரே குடும்பம். மரக்கூழிலிருந்து செய்வது. உடம்பில் வழுக்கி விழும், குளிர்ச்சியாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். புறக்கோட்டையில் தொங்குகிற பூப்போட்ட கவுன்களில் பெரும்பகுதி இதுதான். ஒரு குறை, நனைந்தால் இந்த நாருக்குப் பலம் குறையும், துணி தொய்யும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேரத்தில் இடியோடு கொட்டும் மழை. அந்த நாட்களில் கணுக்கால் நீள ரேயோன் கவுன் நனைந்து கீழே இழுபட்டால் நடக்கிறதே சிரமம். மழைக் காலத்துக்குக் கெண்டைக்காலோடு நிற்கிற நீளம், கடும் நிறம்.

பொலியெஸ்டரை முற்றாக ஒதுக்கத் தேவையில்லை. சுருங்காது, சாயம் போகாது, காலையில் அயர்ன் பண்ண நேரமில்லாதவர்களுக்கு வசதி. நாள் முழுக்க ஏ.சி.யில் இருந்து, காரில் வீடு திரும்புகிறவர்களுக்குச் சரி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு, நூற்றுக்கு நூறு பொலியெஸ்டர் கவுன் என்றால் அவித்துப்போடும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணியில் பருத்தி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

படி 3: கை

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. அரைக்கையிலேயே பல வெட்டு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

தோளின் நுனியை மட்டும் மூடுகிற கப் கை இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். கக்கம் திறந்திருப்பதால் வேர்வை துணியில் படாது. ஆனால் கையைத் தூக்கினால் உள்ளாடை தெரியும், கோவிலில் அதைக் கை என்று யாரும் கணக்கெடுக்கவும் மாட்டார்கள். வீட்டுக்கும் கடற்கரைக்கும் போடலாம்.

தோளில் தனியாகப் பொருத்தித் தைத்த சாதாரண அரைக்கை ஆறு முதல் எட்டு அங்குலம் வரும். எல்லா இடத்துக்கும் போகும். இதில் கவனிக்க வேண்டியது கை எங்கே முடிகிறது என்பது. கை முடிகிற கோட்டுக்குத்தான் பார்க்கிறவரின் கண் போகும். மேற்கையின் ஆகப் பருத்த இடத்தில் அந்தக் கோடு விழுந்தால் கை இன்னும் பருமனாகத் தெரியும். ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் வித்தியாசம் கண்ணாடியிலேயே தெரியும். ‘எனக்குக் கை பெருத்துப் போச்சு, அரைக்கை சரிவராது’ என்று சொல்கிற பலருக்கு, பிரச்சினை கையில் இல்லை, அந்த ஒரு அங்குலத்தில் இருக்கிறது.

பஃப் கை தோளில் சுருக்கு வைத்து வருவது. ஒடுங்கிய தோளை அகட்டிக் காட்டும். ஏ.சி.க்குள் மேலே கார்டிகன் போட்டால் நசுங்கிப்போகும். முழங்கை வரை விரிந்து தொங்குகிற மணிக்கை படத்துக்கு நல்ல வடிவு. சோறு சாப்பிட உட்கார்ந்தால் பருப்புக்கறிக்குள் தோயும். நெய் விளக்கு ஏற்றப் போகிறவர்கள் அதைப் போடவே கூடாது, அதுவும் செயற்கைத் துணியில். நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். கையைத் தனியாக வெட்டாமல் உடம்போடு சேர்த்தே வெட்டுகிற டொல்மன் கை ஆகக் குளிர்ச்சியானது. கக்கத்தில் துணி திரளும் என்பதால் மேலே வேறொன்றும் போட முடியாது.

வெட்டைவிட முக்கியமானது கைக்குழி, அதாவது கை பொருத்துகிற வட்டம். வெள்ளவத்தையில் ஒரு குறுக்கு ஒழுங்கைக்குள் இருக்கிற வயதான தையற்காரர் ஒருவர், அளவு பார்க்கும்போது கவுனைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, முழங்கால் உயரத்தில் சோக்கால் சுவரில் ஒரு கோடு போடுவார். ‘பிள்ளை, கையைத் தூக்குங்கோ பாப்பம். அப்பிடியில்லை, பஸ்ஸிலை பிடிக்கிற மாதிரி.’ கையைத் தூக்கும்போது அவர் கையைப் பார்க்க மாட்டார். கவுனின் கீழ்க்கரையும் சுவரிலுள்ள கோடும்தான் அவர் கண்ணில் இருக்கும். ‘அரை இஞ்ச் ஏறினால் பரவாயில்லை. ரெண்டு இஞ்ச் ஏறினால் கைக்குழி பிழை.’

காரணம் இதுதான். கைக்குழி கக்கத்துக்கு நெருக்கமாக இருந்தால், கையைத் தூக்கும்போது கைத்துணி மட்டும் அசையும். குழி கீழே இறங்கியிருந்தால் கை போகிற பக்கமெல்லாம் பக்கத்தையலையும் சேர்த்து இழுக்கும், முழுக் கவுனும் மேலே ஏறும். ஆனால் ‘கை இறுக்கமாக இருக்கு’ என்று சொன்னால் பல இடங்களில் செய்வது குழியை இன்னும் கீழே வெட்டுவது. அதனால் இறுக்கம் போகும், அசைவும் சேர்ந்தே போகும். ‘குழியைத் தொட வேண்டாம், கைத்துணியை அகலமாக்குங்கள்’ என்று கேளுங்கள். கக்கத்துக்கும் தையலுக்கும் இடையில் ஒரு விரல் அகலம், மேற்கைச் சுற்றளவைவிட இரண்டு அங்குலம் கூட. நெய்த துணிக்கு இந்தக் கணக்குச் சரியாக வரும்.

படி 4: கழுத்து, நீளம்

கழுத்தை ஒரு குனிவில் சோதிக்கலாம். கண்ணாடிக்கு முன்னால் திருநீறு வாங்கக் குனிகிற மாதிரிக் குனிந்து பாருங்கள். தெரியக்கூடாதது தெரிந்தால் கழுத்து ஆழம். நீளத்துக்கு, உட்கார்ந்தால் முழங்கால் மூட வேண்டும். அவ்வளவுதான்.

படி 5: கடையின் கண்ணாடி அறையில்

முதலில் தோள். தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் விழ வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கீழ்க்கரையை மடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளையும் கைக்குழியையும் திருத்துவது என்றால் கவுனைப் பாதி பிரிக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் புதியது ஒன்று எடுக்கலாம். தோள் சரியென்றால் மற்றதைத் தைத்துக்கொள்ளலாம், தோள் பிழையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கொழுவிவிட்டு வாருங்கள்.

பிறகு அந்தத் தையற்காரரின் பஸ் கம்பி சோதனை. பிறகு இரு கையையும் முன்னால் நீட்டி ஒன்றையொன்று கட்டிப் பாருங்கள், முதுகு இழுத்தால் கணினிக்கு முன்னால் நாள் முழுக்க இழுக்கும். முன்னால் தெறி, அதாவது பட்டன், வைத்த கவுன் என்றால் உட்கார்ந்து பாருங்கள், நெஞ்சில் இரண்டு தெறிகளுக்கு இடையில் வாய் பிளந்தால் அங்கே ஒரு மறைவுப் பட்டன் வைக்கலாம், அல்லது அடுத்த அளவு. கடைசியாக வெளிச்சம். கண்ணாடி அறை மங்கலாக இருக்கும், ஆகவே கவுனை வாசல் பக்கம் கொண்டுபோய் உள்ளே கையை விட்டு வெயிலில் பிடியுங்கள். விரல்கள் எண்ணத் தெரிந்தால் லைனிங் வேண்டும்.

படி 6: எங்கே எது

அலுவலகம். தனியார் நிறுவனங்களில் கொலர் வைத்த, முழங்காலை மூடுகிற, விறைப்பான பொப்ளின் கவுனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டீ-ஷேர்ட் மாதிரி இழுபடுகிற, கொஞ்சம் கனமான நிட் துணியும் நல்லது, அயர்ன் தேவையில்லை. அரச அலுவலகங்களில் நீண்ட காலம் சாறிதான். பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 இல், ஊழியர்கள் இலகுவான, ஒழுங்கான உடுப்பில் வரலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பாடசாலை ஆசிரியைகள் விஷயத்தில் கல்வி அமைச்சு சாறியில்தான் நின்றது. புதிதாக அரச வேலைக்குப் போகிறவர்கள் முதல் வாரம் சாறி கட்டிப் போய், மற்றவர்கள் என்ன உடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கவுன் எடுப்பது புத்தி.

கோவில். கெண்டைக்காலுக்குக் கீழே வருகிற, விரிவான பாவாடை வெட்டுள்ள அரைக்கை கவுனைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். விரிவு ஏன் என்றால், அன்னதானத்துக்கு நிலத்தில் சம்மணம் கட்ட வேண்டும், விழுந்து கும்பிட வேண்டும். ஒடுக்கமான கவுனில் இரண்டும் நடக்காது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் வருகிற ஆடிவேலுக்குத் தேரோடு வெறுங்காலில் நடக்கிறவர்கள், கீழ்க்கரை கணுக்காலுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். கூட்டத்தில் மிதிபட்டால் தையலோடு கிழியும். பெரிய திருவிழாவுக்கும் சொந்தக்காரர்களின் பூசைக்கும் சாறியோ பஞ்சாபிச் சல்வாரோதான் அழகு. எனக்கு அதில் விவாதமில்லை.

தேவாலயம், விகாரை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமைகளில் நிற்கவே இடமிருக்காது. அங்கே முழந்தாளிட வேண்டும் என்பதால் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வருகிற நீளம், கெதியாகக் காயும் துணி. களனிக்கோ கங்காராமைக்கோ போனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரும்பாலானோர் வெள்ளையில் வருவார்கள். வெள்ளைக் கவுன் எடுக்கும்போது உள்பாவாடையை வெள்ளையில் எடுக்காதீர்கள். உடம்பின் நிறத்துக்குக் கிட்டிய நிறம்தான் வெளியே தெரியாது.

கலியாண வீடு. முகூர்த்தத்துக்கு நெருங்கிய சொந்தம் என்றால் கவுன் யோசனையே வேண்டாம், பெரியம்மாமார் அடுத்த கலியாணம் வரைக்கும் அதையே கதைப்பார்கள். இரவு ஹோட்டல் வரவேற்புக்கு, வேலைத்தலத் தோழியின் கலியாணத்துக்கு என்றால் தாராளமாகப் போடலாம். லைனிங் வைத்த ஜோர்ஜெட், கிரேப், அல்லது கைத்தறி. மண்டபம் முழுக்கப் பட்டும் சரிகையும் மினுங்கும்போது சீக்குவின்ஸ் கவுனால் போட்டி போட முடியாது. ஒரே நிறத்தில், நல்ல வெட்டில், முழங்கைக்குச் சற்று மேலே முடிகிற கையோடு ஒரு கவுன் அந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரியும். இந்துக் கலியாணத்துக்குக் கறுப்பு வேண்டாம், கிறிஸ்தவக் கலியாணத்தில் வெள்ளையை மணமகளுக்கு விடுங்கள்.

செத்த வீடு. இதற்கென்று யாரும் உடுப்பு எடுத்து வைப்பதில்லை, செய்தி வந்த பிறகு அலுமாரியைக் கிளறுவோம். வெள்ளையிலோ மங்கிய நிறத்திலோ, மினுக்கமில்லாத ஒரு பருத்தி அரைக்கை கவுன் எப்போதும் தயாராக இருக்கட்டும். பொரளைக் கனத்தை மயானத்தில் வெயிலில் நிற்க வேண்டிவரும். இந்து வீடுகளில் திரும்பி வந்தவுடன் தலைமுழுகி, உடுத்ததை அப்படியே வாளிக்குள் போடுவது வழக்கம். ஆகவே ட்ரை கிளீனுக்குப் போகிற துணி இதற்கு ஆகாது.

காலிமுகத்திடல். காற்று. வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. கீழ்க்கரையில் இரட்டை மடிப்போ கனமோ உள்ள கவுன், உள்ளே ஒரு குட்டைக் காற்சட்டை.

படி 7: நிறம்

வேர்வை ஆக அதிகம் காட்டிக்கொடுப்பது வெளிர் சாம்பல், வான நீலம், காக்கி. கடும் நீலமும் வெள்ளையும் நெருக்கமான சின்னப் பூவும் மறைக்கும். இதற்கு மேல் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது. ‘உங்கட நிறத்துக்கு இது எடுபடாது’ என்று கடையில் யாராவது சொன்னால், பிடித்த துணியைக் கழுத்தோடு பிடித்து வாசல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்.

படி 8: வாங்குவதா, தைப்பதா

துணிக்குப் புறக்கோட்டை. இரண்டாம் குறுக்குத் தெருவும் கெய்சர் வீதியும் சனிக்கிழமை நகர முடியாது, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். 45 அங்குல அகலத் துணியில் முழங்கால் நீள அரைக்கை கவுனுக்கு ஏறக்குறைய இரண்டரை மீற்றர், 58 அங்குல அகலம் என்றால் இரண்டு மீற்றர். கணுக்கால் நீளமும் விரிவும் வேண்டுமென்றால் மூன்றரைக்குக் குறையாமல். பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். முதல் கழுவலில் வருகிற சுருக்கம் தைத்த பிறகு வந்தால் கையும் நீளமும்தான் குறையும்.

தையற்காரருக்குத் தொலைபேசியில் படம் காட்டுவதைவிட, உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய கவுன் ஒன்றைக் கூடவே கொடுப்பது பயன் தரும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தையற்கடைகள் நிரம்பி வழியும், ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ரெடிமேட்டில் ஏற்றுமதி மிச்சம் விற்கிற கடைகளை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு இங்கே தைத்ததில் மிஞ்சியவை, துணியும் தையலும் தரமாக இருக்கும். அளவுச் சீட்டில் குழம்ப வேண்டாம், பிரித்தானிய 10 என்பது அமெரிக்க 6. நெஞ்சுச் சுற்றளவை அளவு நாடாவால் பார்ப்பது எல்லாவற்றிலும் நம்பிக்கை. மிஞ்சியதற்கு ஏதாவது காரணம் இருக்கலாம். துணியில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது தொழிற்சாலையில் பிழை காட்ட ஒட்டியது, அந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். இரு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், சிப்பை மூன்று நாலு தரம் இழுத்து மூடுங்கள்.

காசு கொஞ்சம் கூடப் போட விருப்பமென்றால் கைத்தறியும், மெழுகு பூசிச் சாயம் போடுகிற பற்றிக் துணியும் உண்டு. காலி வீதியில் பெயாஃபுட் போன்ற இடங்களில் கைத்தறி நிறங்களைப் பார்த்தாலே கைப்பை தானாகத் திறக்கும். முதல் சில தடவை தனியாகக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், ஆனால் கடைக்கு வந்துவிட்ட துணியில் உப்பு ஒன்றும் செய்யாது. குளிர்ந்த தண்ணீரும் நிழலும் போதும்.

படி 9: கக்கத்தைக் காப்பாற்றுவது

அரைக்கை கவுன் பழுதாவது பெரும்பாலும் கக்கத்தில்தான். வெள்ளையில் மஞ்சள் படிவது வேர்வையால் மட்டும் இல்லை. வேர்வையை அடக்கப் பூசுகிறவற்றிலுள்ள அலுமினியமும் வேர்வையும் சேர்ந்தே அந்தக் கறை. பூசினால் நன்றாகக் காய்ந்த பிறகு உடுப்பைப் போடுங்கள். கழற்றியவுடன் அந்த இடத்தை மட்டும் நனைத்துச் சவர்க்காரம் போட்டு வையுங்கள், இரண்டு நாள் கூடையில் கிடந்தால் ஒட்டிவிடும். குளோரின் பிளீச் போட்டால் மஞ்சள் கூடுமே தவிரக் குறையாது.

மழைக் காலத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அரைகுறையாகக் காய்ந்த எதையும் மடித்து வைக்காதீர்கள், வெயில் வருகிற நாளில் கதவைத் திறந்து விடுங்கள். நிட் துணிக் கவுனை மட்டும் கொழுவாமல் மடித்து வையுங்கள், கொழுவினால் அதன் கனமே தோளை இழுத்துத் தொய்ய வைக்கும், தோள் போனால் தைத்து எடுக்க முடியாது.